உயிர் காலேஜில் நான் பிடித்த முந்தானை

எங்கள் குப்பத்தில் ஆட்களை எண்ண மாட்டார்கள். மீனை எண்ணுவார்கள், வலையில் கிழிந்த கண்ணை எண்ணுவார்கள். ஆட்களை எண்ணினால் குறைந்துபோகும் என்று பயம். அதனால் படகில் ஏறும்போது வேறொரு வழக்கம் வைத்திருந்தார்கள். கடைசியாக ஏறுகிறவர் "ஆச்சு" என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவார்கள். ஏரியில் மட்டும் இல்லை, பழவேற்காட்டில் பஸ் ஏறினாலும் பொன்னேரியில் ரயில் ஏறினாலும் அப்படித்தான். மற்ற ஜனங்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

எனக்குத்தான் அது பெரிய பாடாக இருந்தது. பெண்கள் வரிசையில் புது மருமகள் கடைசியில் வர வேண்டும். கடைசியில் வருகிறவள்தான் குரல் கொடுக்க வேண்டும். நான் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. எட்டாவது வரை படித்தேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டு வருகை எடுக்கும்போதும் கையைத்தான் தூக்குவேன். கல்யாணமாகி அந்தக் குப்பத்துக்கு வந்து ஐந்தாறு மாதம் ஆகியும் ஒருமுறைகூட நான் "ஆச்சு" சொன்னதில்லை. எனக்கு முன்னால் ஏறும் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், எனக்காகச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள்.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு எங்களைப் பட்டணத்துக்கு அழைத்துப் போவதாக மாமியார் முடிவு செய்தார். அறுபதுகள் முடிந்து எழுபது தொடங்கியிருந்த சமயம். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியே மிருகக்காட்சி சாலை இருந்தது. யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். உயிருள்ள மிருகங்கள் இருப்பதால் அது உயிர் காலேஜ், எழும்பூரில் இருந்த மியூசியம் செத்த காலேஜ். ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் உயிர் காலேஜ் என்பதால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பட்டணம் என்றாலே அதுதான்.

கேட்ட நாளிலிருந்தே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மிருகங்களை நினைத்து இல்லை. முந்தின ஆடி மாதம் நடந்த ஒன்றை எனக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குப்பத்து மருமகள் ஒருத்தி கோயில் திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிப் போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் தானாகவே திரும்பி வந்தாள். ஒரு பகல்தான். ஆனால் அந்தப் பகலில் எங்கே இருந்தாய், யாருடன் இருந்தாய் என்ற கேள்விக்கு அவளால் சாட்சி காட்ட முடியவில்லை. மறுநாள் அவளைப் படகில் ஏற்றி அவளுடைய அம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவள் வரவில்லை. இதைச் சொன்னது என் மாமியார். மீன் அரிந்துகொண்டே, ஏரியில் காற்று திரும்பியதைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

பொங்கலுக்கு மாமியார் பொன்னேரிக் கடையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி புடவை எடுத்திருந்தார். இலைப்பச்சையில் அரக்குக் கரை. ஒரே மாதிரி இருந்தால் கூட்டத்தில் கண்டுபிடிக்க வசதி என்பது அவர் எண்ணம். அதே புடவை அந்த வருஷம் ஜில்லா முழுக்கக் கடைகளுக்கு வந்திருக்கும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பொன்னேரியில் ரயில் ஏறும்போதே நெரிசல். ஆண்கள் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள். நான் படியில் கால் வைத்ததும் மாமியார் உள்ளேயிருந்து கத்தினார்.

"ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் நாத்தனார்.

"ஏன், அவ வாயில இன்னா கொழுக்கட்டையா கீது? நீ இன்னும் எத்தினி நாளுக்கு அவளுக்கோசரம் கத்தினு இருப்ப?"

"வுடும்மா. புதுசு."

"புதுசு, புதுசுன்னு புள்ள பொறக்கற வரைக்கும் சொல்லு."

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்திப்பட்டு தாண்டும்வரை காது சுட்டுக்கொண்டே இருந்தது.

சென்ட்ரலில் இறங்கியதும் மாமியார் எங்களை வரிசைப்படுத்தினார். ஏரி ஓரத்தில் சேற்றுப் பாதையில் பெண்கள் போவதைப் போலவே, முன்னால் போகிறவள் முந்தானையைப் பின்னால் வருகிறவள் பிடித்துக்கொள்ள வேண்டும். மாமியார் முதலில், நடுவில் பங்காளி வீட்டுப் பெண்கள், பிறகு நாத்தனார், கடைசியில் நான். என் முந்தானையைப் பிடிக்க யாரும் இல்லை. எனக்கு அது முதுகில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினதுபோல இருந்தது.

உயிர் காலேஜுக்குள் அன்றைக்கு மணலை அள்ளிப் போட்டால் கீழே விழாது, அவ்வளவு தலை. நான் தலையைத் தூக்கவே இல்லை. புதுப்பெண் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதனால் நான் பார்த்தது கால்களை, புடவைக் கரையை, கீழே கிடந்த வேர்க்கடலைத் தோலை, கரும்புச் சக்கையை. மிருகங்களின் நாற்றம் வந்தது. ஒன்று மூச்சு விடுவது கேட்டது. எது என்று தெரியாது. மற்றவர்கள் பேசுவதை வைத்துத்தான் எந்தக் கூண்டு என்று தெரிந்துகொண்டேன்.

"மொதல பாரு. இது நம்ம ஏரில இருந்திருந்தா நம்மாளுங்க இந்நேரம் கருவாடு போட்டிருப்பானுங்க."

"இன்னாடி, கரடிக்கு உங்க மாமனார் ஜாடை கீதே."

"மெதுவா பேசு, பின்னால அந்த ஆளு வந்துனு இருக்கப்போறாரு."

இப்படிச் சிரித்துக்கொண்டே போனார்கள். உயிர் காலேஜுக்கு மதில்தான் எல்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். இன்ஜின் போகும்போது கரிப்புகை கூண்டுகள் மேல் இறங்கும், தரை அதிரும். எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப்போட்டது. மிருகங்களுக்கு அது பழகிப்போயிருக்க வேண்டும்.

சாப்பாட்டு மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்து, கடைசியாகப் புலிக் கூண்டுக்குப் போனோம். அங்கேதான் கூட்டம் அதிகம்.

"தூங்கினு கீது பா" என்று மாமியார் சலித்துக்கொண்டார். "இத பாக்கவா டிக்கெட்டு வாங்கினோம்? தூங்கறத பாக்கணும்னா உன் ஊட்டுக்காரன பாத்தா போதாதா?" இது நாத்தனாருக்கு.

அவள் பதில் சொல்ல வாயெடுத்திருப்பாள். அந்த நேரம் மதிலுக்குப் பின்னால் ஒரு இன்ஜின் ஊதியது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஊதியது. கூண்டின் ஓரத்தில் நின்ற யாரோ புலிதான் உறுமிவிட்டது என்று அலறினார்கள். முன்னால் நின்றவர்கள் அப்படியே பின்னால் சாய்ந்தார்கள். என் காலை மிதித்தார்கள். யாருடைய முழங்கையோ என் விலாவில் இடித்தது. கையிலிருந்த முந்தானை நழுவிவிட்டது.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. கூட்டம் நிலைக்கு வந்து எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் இலைப்பச்சையும் அரக்குக் கரையும் தெரிந்தன. பாய்ந்து முந்தானையைப் பிடித்தேன். இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன். உயிர் வந்தது.

அந்த முந்தானையின் பின்னால் எவ்வளவு தூரம் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. மான், மயில் என்று குரல்கள் கேட்டன. எங்கள் ஆட்களின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. களைத்துப்போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தக் குதிகாலைப் பார்த்தேன்.

உப்புத்தண்ணீரில் நாளெல்லாம் நிற்கிற எங்கள் பெண்களின் குதிகால் வெளுத்து, ஊறினாற்போல இருக்கும். இது கறுத்து, ஆழமாக வெடித்து, வெடிப்புக்குள் களிமண் ஏறிய குதிகால். நடவுக்கால். வயலில் நிற்கிறவர்களுக்குத்தான் இப்படி வெடிக்கும். என் நாத்தனார் ஒரு நாளும் வயலில் இறங்கியதில்லை.

கையை விட வேண்டும் என்று தெரிந்தது. விட்டால் அந்தப் பட்டணத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போய்விடும் என்றும் தெரிந்தது. யாருடைய முந்தானை என்று தெரியாமலே, அது என்னுடைய ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும், அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. ஒரு பகல்தான், ஒரு பகல்தான் என்று அந்த மருமகளின் கதையே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மரத்தடியில் அவர்கள் நின்றார்கள். உட்காரப் போனவர்களை ஒரு ஆண் குரல் தடுத்தது.

"யாரும் குந்தாதீங்க. நில்லுங்க, எண்ணிக்கிறேன்."

எண்ணுகிறார்கள். அவர் ஒருமுறை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இன்னாடி இது, ஒன்னு ஜாஸ்தியா வருது."

"ஒழுங்கா எண்ணுய்யா" என்றாள் எனக்கு முன்னால் நின்றவள், என் கையில் இருந்த முந்தானைக்குச் சொந்தக்காரி.

"ரெண்டு வாட்டி எண்ணிட்டன். கொறஞ்சா காணாம பூட்ச்சின்னு தேடலாம். ஜாஸ்தியானா இன்னா பண்றது? கூண்டுலேர்ந்து கொரங்கு ஏதாச்சும் கூட வந்துட்ச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது. என் அம்மா வயசுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"யாரும்மா நீ? நான் எங்க அண்ணன் பொண்ணு புடிச்சினு வர்றான்னு இல்ல நெனச்சினு இருந்தேன்."

எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். முந்தானை இறுகச் சுற்றியதில் விரல்கள் சிவந்திருந்தன.

"பயப்படாத. நாங்க திருவாலங்காட்டுப் பக்கம். பயிர் வச்சிப் பொழைக்கிற ஜனங்கதான். நீ எந்த ஊரு?"

"பழவேற்காட்டாண்ட" என்றேன். அது அவளுக்குக் கேட்டதே ஆச்சரியம்.

அவளுடைய வீட்டுக்காரர் உடனே, "வாசல்ல போலீஸ்காரர் நிக்கிறாரு. அவராண்ட வுட்டுட்டா அவரு பாத்துக்குவாரு" என்றார்.

நான் அந்த அம்மாளின் காலில் விழுந்துவிட்டேன். போலீஸ்காரர் கொண்டுவந்து விட்ட மருமகள் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் குப்பத்தில் யாரும் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை. அன்றைக்கே படகில் ஏற்றிவிடுவார்கள். இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"போலீஸ் வேணாங்கா. என்ன எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவளும் ஒரு வீட்டுக்கு வாழ வந்தவள்தானே. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க இவங்கள கூட்டினு ஸ்டேசனுக்கு வாங்க. நான் இத்த அவங்க ஜனங்களாண்ட சேத்துட்டு வரேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் புலிக் கூண்டுக்குப் போனோம். எங்கள் ஆட்கள் இல்லை. வெளியே வந்து, பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் கடைகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தோம். பத்து எட்டுக்கு ஒரு இலைப்பச்சைப் புடவை தெரிந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து ஓடினேன், ஒவ்வொன்றும் வேறு முகமாக இருந்தது. மதிய வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"உங்காளுங்க உன்ன தேட மாட்டாங்களா?" என்று அவள் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எண்ணினால்தானே தெரியும். எங்கள் ஆட்கள் எண்ண மாட்டார்கள். என்னைப் பற்றித் தெரியக்கூடியவள் நாத்தனார் ஒருத்திதான். அவள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தால் அவளுக்கும் தெரியாது. ரயிலில் ஏறுவார்கள். மாமியார் உள்ளேயிருந்து "ஆச்சா" என்று கேட்பார். நாத்தனார் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் "ஆச்சு" என்று சொல்லிவிடுவாள். அவ்வளவுதான்.

"அக்கா, ஸ்டேசனுக்குப் போவலாம்" என்றேன். நானே முன்னால் ஓடினேன்.

சென்ட்ரலில் அவர்கள் ஊர்ப்பக்கம் போகும் அரக்கோணம் வண்டியும் எங்கள் கும்மிடிப்பூண்டி வண்டியும் கிட்டக்கிட்டத்தான் நிற்கும். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த வண்டி எங்கே போகிறது என்று போர்டைப் பார்க்க நான்தான் நிமிர வேண்டியிருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாகத் தலையைத் தூக்கினேன். எங்கே பார்த்தாலும் முகங்கள். கண் கூசியது. "கும்மிடிப்பூண்டி" என்று படித்துவிட்டு அந்தப் பிளாட்பாரத்தில் திரும்பினேன். கார்டு கொடியை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

நடுவில் ஒரு பெட்டியின் படியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தாள். முகம் வெளிறி, பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அவள் கண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பார்த்ததும் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும். எப்போதோ தெரிந்திருக்கிறது. தாயிடம் சொல்லத்தான் பயம்.

எங்களுக்கு நடுவில் மூட்டைகளும் கூடைகளும் ஆட்களும். என்னை அவள் பார்க்கவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "ஆச்சா?"

நாத்தனார் பதில் சொல்லவில்லை.

"இன்னாமே, காதுல வுழல? ஆச்சா?"

இன்ஜின் ஊதியது. நாத்தனார் பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன்.

"ஆவல" என்று கத்தினேன். "அண்ணி, ஆவல. இன்னும் ஆவல."

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. கூலிக்காரர்கள் நின்று திரும்பினார்கள். ஜன்னல்களில் தலைகள் வந்தன. அடுத்த பெட்டியிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் கத்திக்கொண்டே ஓடினேன். மாமியார் மகளைத் தள்ளிக்கொண்டு படிக்கு வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்தவளைப் பார்த்தார்.

"எங்ககூடத்தாம்மா இருந்துச்சு" என்றாள் அந்த அம்மாள். "எங்க ஊட்டுப் பொம்பளைங்க நடுவுல. என் முந்தானைய வுடவே இல்ல பாவம். நீங்க சந்தேகமே வச்சிக்காதீங்க."

மாமியார் அவளுடைய புடவையைத் தலைப்பிலிருந்து கொசுவம்வரை பார்த்தார். தன் புடவையைப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி என்னைத் தூக்கினார். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. வண்டி நகர்ந்தது. அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவள் தன் வண்டியைப் பிடிக்க அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓடுவது தெரிந்தது. களிமண் ஏறிய அந்தக் குதிகால்கள்தான் கடைசியாகத் தெரிந்தன.

பேசின் பிரிட்ஜ் போனது, எண்ணூர் போனது. நான் கீழே உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லப்போகிறார் என்று மாமியாரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீஞ்சூர் வந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"புலியாண்ட கொஞ்சம் பின்னால நின்னுட்டா. அவ்ளோதான். கரைக்குப் போனதும் யாராச்சும் வேற மாதிரி பேசினீங்க, நாக்க அறுத்து நண்டுக்குப் போட்டுடுவேன்."

பங்காளி வீட்டுப் பெண்கள் தலையாட்டினார்கள். நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அனுப்பப்போவதில்லை என்று அந்தப் பேச்சுக்கு அர்த்தம்.

பொன்னேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நாலு பேர் எதிரில் என்னோடு பேசுகிறவர் இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"புலி பாத்தியா?"

"இல்ல" என்றேன்.

"எதத்தான் பாத்த?"

யோசித்துப் பார்த்தால் நான் ஒன்றையுமே பார்த்திருக்கவில்லை. முதலை, கரடி, மயில் எதையும் பார்க்கவில்லை. பிற்பாடு அந்த உயிர் காலேஜை அங்கேயிருந்து எடுத்துவிடப்போவதாகப் பேச்சு வந்தபோது, ஒருமுறை போய்ப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

நாத்தனார் அன்று வாயைத் திறந்தாளே, என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவள் பெண்ணுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன், என் பிள்ளைகளை அவள்தான் தூக்கி வளர்த்தாள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே இருக்கிறது. கேட்க எனக்குப் பயம்.

அன்றைக்குப் பழவேற்காட்டில் எங்களுக்காகப் படகு காத்திருந்தது. வெளிச்சம் போகிற நேரம். வழக்கம்போல நான் கடைசியில் நின்றேன். நாத்தனார் என் பக்கம் திரும்பாமல் ஏறினாள். நான் கால் வைக்கப் போனபோது மாமியார் படகிலிருந்து கீழே இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நடந்து எனக்குப் பின்னால் வந்தார்.

"ஏறு" என்றார்.

ஏறினேன். அவர் எனக்குப் பிறகு ஏறி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "ஆச்சு" என்று குரல் கொடுத்தார். அதன் பிறகு கழியை ஊன்றினார்கள்.

எங்கள் கரையில் இறங்கி மணலில் வரிசையாக நடந்தோம். என் முந்தானை பின்னாலிருந்து இழுபட்டது. மாமியார் பிடித்திருந்தார். நான் மெதுவாகப் போனால் பிடி தளரும், வேகமாகப் போனால் இறுகும். பிரியத்தில் பிடித்திருக்கிறாரா, காவலுக்குப் பிடித்திருக்கிறாரா என்று தெரியவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். வீடு வரும்வரை நான் திரும்பவில்லை.